ஒற்றை மூலக்கூற்றை மின்சுற்றில் இணைப்பது எப்படி: தங்க முனையிலிருந்து டிரான்சிஸ்டர் வரை

ஒற்றை மூலக்கூறு மின்னணுவியலுக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: ஒரு நானோமீட்டர் நீளமே உள்ள பொருளை எதைக் கொண்டு எடுத்து, எப்படி இரண்டு கம்பிகளுக்கு நடுவில் வைப்பது? யாரும் வைப்பதில்லை. தங்கத்தை இழுத்து அறுக்கிறோம். அறுந்த இடத்தில் மூலக்கூற்றின் நீளத்துக்குச் சரியான இடைவெளி ஒரு கணம் உண்டாகிறது. சுற்றியிருக்கும் கரைசலிலிருந்து ஒரு மூலக்கூறு தானாக வந்து இரு கரையையும் பிடித்துக்கொள்கிறது. நம் வேலை இரண்டு. அந்த இடைவெளியை ஆயிரக்கணக்கான முறை ஒரே மாதிரி உண்டாக்க வேண்டும். பிறகு, வந்து உட்கார்ந்தது நாம் போட்ட மூலக்கூறுதான், அழுக்கோ மின்னிரைச்சலோ அல்ல என்று காட்ட வேண்டும். இரண்டாவது வேலைக்குத்தான் நேரம் அதிகம் ஆகும். இந்த வழிகாட்டியிலும் அதற்கே இடம் அதிகம்.

ஒரு மூலக்கூறே டையோடாக இயங்க முடியும் என்று அவிராமும் ராட்னரும் 1974-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ரீடும் அவருடைய கூட்டாளிகளும் 1997-இல் பென்சீன் டைதயோலைத் தங்க முனைகளுக்கு நடுவில் அளந்தார்கள். ஆனால் ஓரிரு சந்திகளை (தங்கம், மூலக்கூறு, தங்கம் என்ற இணைப்புகளை) அளந்து வந்த எண்கள் குழுவுக்குக் குழு மாறின. 2003-இல் ஷூவும் டாவோவும் ஒரே சந்தியை ஆயிரக்கணக்கான முறை உண்டாக்கி உடைத்துப் புள்ளிவிவரமாகப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகே வேறு வேறு ஆய்வகங்களின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடிந்தது. தொடங்குபவர்கள் அந்த முறையில்தான் தொடங்க வேண்டும். அதன் பெயர் எஸ்.டி.எம். (ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப்) முறிவுச் சந்தி: தங்க முனையைத் தங்கப்பரப்பில் முட்டவைத்துப் பின்னிழுத்து அறுப்பது.

முதலில் மனதில் பதிய வேண்டிய எண்கள்

கடத்துதிறனின் குவாண்டம் அலகை ஜி₀ என்று குறிப்போம். அதன் மதிப்பு 77.48 மைக்ரோசீமென்ஸ், மின்தடையாகச் சொன்னால் 12.9 கிலோ ஓம். ஒரே ஒரு தங்க அணு இரு முனைகளையும் இணைத்து நிற்கும்போது கடத்துதிறன் ஏறத்தாழ ஒரு ஜி₀ ஆக இருக்கும். இந்தத் துறையில் நமக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான். வேலை முழுக்க இதை வைத்தே சரிபார்ப்போம்.

100 மில்லிவோல்ட் கொடுத்தால் ஒரு ஜி₀-வில் 7.75 மைக்ரோஆம்பியர் ஓடும். 10⁻³ ஜி₀ என்றால் 7.75 நானோஆம்பியர். 10⁻⁶ ஜி₀ என்றால் 7.75 பிகோஆம்பியர்தான். ஒரே இழுவையில், கால் விநாடிக்குள், ஆறு பத்துமடங்கு வீச்சை அளக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு: 10⁻⁶ ஜி₀ என்பது 12.9 கிகா ஓம் மின்தடைக்குச் சமம். மாதிரித் தாங்கியில் பட்ட விரல் ரேகையின் ஈரப்பசையே அந்த அளவுக்குக் கசிவு தரக்கூடும்.

மூலக்கூற்றைத் தேர்ந்தெடுப்பது

மூலக்கூற்றை இரண்டு பகுதிகளாகப் பாருங்கள்: மின்சாரம் கடக்கும் தண்டு, தங்கத்தைப் பிடிக்கும் நங்கூரத் தொகுதிகள். தண்டுதான் கவர்ச்சியாகத் தெரியும், ஆனால் தோல்விகளில் பெரும்பாலானவை நங்கூரத்தில்தான் தொடங்கும்.

தயோல் தங்கத்தை இறுகப் பிடிக்கும். அந்த இறுக்கமே தொல்லையாகவும் முடிகிறது. இழுக்கும்போது தங்க அணுக்களையும் சேர்த்து உருவிக்கொண்டு வரும், பல விதங்களில் ஒட்டிக்கொள்ளும், அதனால் கடத்துதிறன் பரந்து சிதறும். காற்றுப் பட்டால் இரண்டு தயோல்கள் சேர்ந்து டைசல்பைடாகிவிடும். அதைத் தவிர்க்கத் தயோஅசெட்டேட்டாக மூடி வைத்து, அளக்கும் நேரத்தில் காரம் சேர்த்துத் திறப்பார்கள். அமீன் தொகுதி வேறு மாதிரி. அதன் நைட்ரஜனில் உள்ள தனி இணை எலெக்ட்ரான்கள், அண்டை அணுக்கள் குறைவாக உள்ள தங்க அணுவையே தேடிப் பிடிக்கும். பிணைப்பு வலுக் குறைவானது, ஆனால் ஒரே மாதிரியானது. வெங்கட்ராமன் குழு 2006-இல் அமீனைக் கொண்டு, கடத்துதிறன் மதிப்புகளின் பரவல் வரைபடத்தில் கூர்மையான உச்சங்களைக் காட்டியது இதனால்தான். பிரிடின் நைட்ரஜனும் நன்றாகப் பிடிக்கும். தயோமெத்தில் தொகுதி அமீனைப் போலவே ஒழுங்கானது, காற்றில் கெடாது.

முதல் மூலக்கூறாக 4,4′-பைபிரிடின் எடுங்கள். எளிதில் கிடைக்கும், காற்றில் நிலையாக இருக்கும், அளவு பல ஆய்வகங்களில் நன்றாக நிறுவப்பட்டது. அடுத்து 1,4-டைஅமினோபியூட்டேன், அதன் நீண்ட உறவுகளான ஹெக்சேன், ஆக்டேன் டைஅமீன்கள். சொந்தமாகத் தொகுத்த புது மூலக்கூற்றை இவையெல்லாம் சரியாக வந்த பிறகு தொடுங்கள். அறிமுகமான மூலக்கூற்றில் சரியான எண் வராத கருவி, அறிமுகமில்லாத மூலக்கூற்றில் தரும் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கருவி

நகர்த்துவதற்கு ஒரு பீசோ, அதாவது மின்னழுத்தம் கொடுத்தால் மிக நுணுக்கமாக நீளும் பொருள். செங்குத்தாக ஒரு மைக்ரோமீட்டர் வீச்சு போதும், ஆனால் பிகோமீட்டர் அளவில் இரைச்சல் இல்லாத ஓட்டுமின்னழுத்தம் வேண்டும். தங்க முனையை அருகில் கொண்டுவரத் தனியாக ஒரு நுண்திருகோ படிமோட்டாரோ. தரை அதிர்வைத் தடுக்கக் கனமான கல்பலகையை நீளும் நாடாக்களில் தொங்கவிட்டு, அதன்மேல் தலைப்பகுதியை வைத்து, சுற்றிலும் ஒலி உறிஞ்சும் பெட்டி அமைப்பது எளிய, நம்பகமான வழி. தலைப்பகுதி சிறியதாகவும் விறைப்பாகவும் இருப்பது இதைவிட முக்கியம்.

மின்பகுதிக்கு ஒரு கச்சிதமான கூட்டு இது. 100 மில்லிவோல்ட் மின்னழுத்தம், சந்தியோடு தொடராக 100 கிலோ ஓம் மின்தடை, ஆம்பியருக்கு 10⁷ வோல்ட் பெருக்கம் உள்ள பிரீஆம்ப் (சிறு மின்னோட்டத்தை மின்னழுத்தமாக மாற்றும் பெருக்கி). முனை தங்கத்தில் முழுதாக முட்டினாலும் மின்னோட்டம் ஒரு மைக்ரோஆம்பியரைத் தாண்டாது. பிரீஆம்பின் வெளியீடு 10 வோல்ட்டில் நிற்கும். அதனால் பெருக்கி நிறைவுறாது, சந்தியும் சூடாகாது.

இதற்கு ஒரு விலை உண்டு. மின்னழுத்தத்தின் ஒரு பகுதி தொடர் மின்தடையில் விழும். ஒரு ஜி₀-வில் மொத்த மின்தடை 112.9 கிலோ ஓம், ஓடுவது 0.886 மைக்ரோஆம்பியர். திருத்தாமல் விட்டால் அது 0.11 ஜி₀ என்று தெரியும். ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும், மின்னோட்டத்தைத் தொடர் மின்தடையால் பெருக்கி வரும் மின்னழுத்தத்தை மொத்த மின்னழுத்தத்திலிருந்து கழித்து, மிஞ்சியதைக் கொண்டு மின்னோட்டத்தை வகுக்க வேண்டும். தங்கத்தின் உச்சம் ஒரு ஜி₀-வில் விழாமல் 0.1-ஐ ஒட்டி நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அந்த மின்னழுத்தத்தை எண்களாக மாற்றும் எண்ணாக்கியை வாங்கும்போது ஏமாறாதீர்கள். கூட்டல் கழித்தல் 10 வோல்ட் வீச்சில் 16 பிட் எண்ணாக்கியின் ஒரு படி 0.3 மில்லிவோல்ட். மேலே சொன்ன பெருக்கத்தில் அது 30 பிகோஆம்பியர், அதாவது 4×10⁻⁶ ஜி₀. அதற்குக் கீழே எதையும் பார்க்க முடியாது. 10⁻⁵-க்கு அருகிலேயே படிக்கட்டுகள் போலிப் படிகளாகத் தெரியத் தொடங்கும். 24 பிட் எண்ணாக்கியில் இந்தத் தடை இல்லை, அங்கே பிரீஆம்பின் வெப்ப இரைச்சலே எல்லை. 10 மெகா ஓம் பின்னூட்ட மின்தடைக்கு, 10 கிலோஹெர்ட்ஸ் பட்டையகலத்தில் அது ஏறத்தாழ 4 பிகோஆம்பியர் வரும். இந்த அமைப்பில் 10⁻⁶ ஜி₀-தான் தரைமட்டம். அதற்கும் கீழே போக வேண்டுமானால் பெருக்கத்தைக் கூட்டிப் பட்டையகலத்தைக் குறைக்க வேண்டும், அல்லது மடக்கைப் பெருக்கிக்கு மாற வேண்டும்.

முனையும் அடித்தளமும்

0.25 மில்லிமீட்டர் விட்டமுள்ள தங்கக் கம்பி, தூய்மை 99.99 விழுக்காடோ அதற்கு மேலோ. கத்தரியின் இரு அலகுகளையும் அசிட்டோனால், பிறகு ஐசோபுரோப்பனாலால் துடையுங்கள். கம்பியைச் சாய்வாகப் பிடித்து, அலகுகள் மூடும் கணத்தில் கத்தரியை நுனிப் பக்கமாக இழுத்தபடி வெட்டுங்கள். நேராக வெட்டினால் நுனி தட்டையாக நசுங்கும். இழுத்து வெட்டினால் கடைசி இழை நீண்டு அறுந்து, ஒழுங்கற்ற கூர்மை கிடைக்கும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அதுவே போதும். ஒவ்வொரு இழுவையிலும் நுனி புதிதாக உருவாகிறது, எனவே அமிலத்தில் அரித்து ஊசிபோலச் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

அடித்தளத்துக்கு மைக்கா அல்லது சிலிக்கான் மீது 100 முதல் 200 நானோமீட்டர் தங்கப்படலம். வாங்கியதோ ஆவியாக்கிப் படியவைத்ததோ, அளக்கும் நாளில் புற ஊதா ஓசோன் பெட்டியில் 15 நிமிடம் வைத்தெடுங்கள். காற்றிலிருந்து படியும் ஹைட்ரோகார்பன் படலம் சில மணிநேரத்தில் திரும்ப வந்துவிடும், எனவே முதல்நாளே சுத்தம் செய்து வைப்பதில் பயனில்லை. ஓசோன் நுரையீரலுக்குக் கேடு, பெட்டியை வெளியேற்றுக் குழாயோடு இணைத்தே இயக்குங்கள்.

வெறும் தங்கம்: தாண்டக்கூடாத படி

மூலக்கூறு எதுவும் இல்லாமல், முதலில் காற்றில், பிறகு வெறும் கரைப்பானில், குறைந்தது ஆயிரம் இழுவைகள் எடுங்கள். முனையைத் தள்ளிக் கடத்துதிறன் 5 ஜி₀-வைத் தாண்டும்வரை முட்டவைத்து, பிறகு விநாடிக்கு 20 நானோமீட்டர் வேகத்தில் 5 நானோமீட்டர் பின்னிழுக்க வேண்டும். பதிவு வேகம் விநாடிக்கு 40,000 புள்ளிகள். அப்படியானால் ஒரு நானோமீட்டருக்கு 2,000 புள்ளிகள் விழும்.

சரியான கருவியில் 1, 2, 3 ஜி₀-களில் உச்சங்கள் தெரியும், ஒன்றில் இருப்பது மிகக் கூர்மையாக. அதற்குக் கீழே உச்சமே இருக்கக்கூடாது. டனலிங்கின் (எலெக்ட்ரான்கள் இடைவெளியை ஊடுருவிக் கடப்பதன்) சரிவான பின்னணி மட்டும் இருக்கலாம். வெற்றிடத்தில் தங்க முனைகளுக்கு இடையே 0.1 நானோமீட்டர் விலகலுக்கு டனலிங் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறையும். கரைப்பானில் குறைவு இதைவிடச் சற்று மெதுவாக இருக்கும். இந்தச் சரிவு மிகவும் படுத்துக் கிடந்தால் முனைகளுக்கு நடுவில் அழுக்கு இருக்கிறது என்று பொருள்: முனை விலகும்போது அழுக்கு நசுங்கி நீள்வதால் உண்மையான விலகல் குறைகிறது.

பீசோவின் அளவீட்டையும் இங்கேயே முடியுங்கள். தங்கத்தின் 111 பரப்பில் ஓரணு படியின் உயரம் 0.235 நானோமீட்டர். அதைப் படமெடுத்து ஒப்பிடுவது நேரடியான வழி.

கரைசல்

1,2,4-ட்ரைகுளோரோபென்சீன் நல்ல கரைப்பான். 214 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும், ஆகவே ஒரு சொட்டு பல மணிநேரம் உலராது. முனைவற்றது என்பதால் முனை வழியாக அயனி மின்னோட்டம் கசியாது. நச்சுத்தன்மை உண்டு, புகைக்கூண்டிலும் நைட்ரைல் கையுறையோடும் கையாளுங்கள். நீர், புரொப்பிலீன் கார்பனேட் போன்ற முனைவுள்ள கரைப்பான்களில் முனையை மெழுகில் தோய்த்து, நுனியில் சில சதுர மைக்ரோமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி மூட வேண்டும். இல்லாவிட்டால் அயனிக் கசிவே நானோஆம்பியர் கணக்கில் வந்து மூலக்கூற்றின் சைகையை மூடிவிடும்.

பைபிரிடினின் மூலக்கூறு எடை 156.2. 15.6 மில்லிகிராமை 10 மில்லிலிட்டரில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதைப் பத்து மடங்கு நீர்த்து ஒரு மில்லிமோலார் ஆக்குங்கள். நேரடியாக 1.6 மில்லிகிராம் எடைபோட முயன்றால் தராசின் பிழையே பெரிதாகிவிடும். புட்டியில் இருப்பது நீரேற்ற வடிவமா என்று பாருங்கள். டைஹைட்ரேட் என்றால் எடை 192.2 என்று கணக்கிட வேண்டும். டைஅமினோபியூட்டேன் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கார்பமேட்டாக மாறும். புட்டியின் வாயில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அது கெட்டுப்போனது. ஆர்கான் வாயுவுக்குள் மூடி வைத்து, கரைசலை அன்றன்று தயாரியுங்கள்.

வெறும் கரைப்பானின் அளவு சரியென்று உறுதியான பிறகு, அதே முனை, அதே அடித்தளத்தில், 20 முதல் 50 மைக்ரோலிட்டர் கரைசல் சொட்டை இடுங்கள். மூலக்கூறு சேர்ந்ததைத் தவிர வேறெதுவும் மாறக்கூடாது.

ஒரு இழுவையை நெருங்கிப் பார்த்தால்

முனை தங்கப்பரப்பில் அழுந்தியிருக்கிறது. இழுக்கத் தொடங்கியதும் தங்கக் கழுத்து மெலிந்து, கடத்துதிறன் படிப்படியாக இறங்கும்: 4 ஜி₀, 3, 2. ஒன்றில் வந்து சற்று நிற்கும். அப்போது பாலமாக இருப்பது ஒரே ஓர் அணு. ஏறத்தாழ 1.5 நானோநியூட்டன் விசையில் அதுவும் அறும். அறுந்த கணத்தில், நீட்டப்பட்டிருந்த தங்கம் இரு பக்கமும் சுருண்டு பின்வாங்குவதால் அரை நானோமீட்டருக்கும் கூடுதலான இடைவெளி சட்டென்று திறக்கும். கடத்துதிறன் ஆயிரத்தில் ஒன்றாக விழும். பைபிரிடின் அங்கே பாலமாகிவிட்டிருந்தால் 10⁻³ ஜி₀-வை ஒட்டி ஒரு படி தெரியும். இன்னும் இழுத்தால் மூலக்கூறு சாய்விலிருந்து நிமிரும், படி அதைவிடக் குறைந்த இன்னொரு மதிப்புக்கு இறங்கி நிற்கும். பிறகு நைட்ரஜனும் தங்கமும் பிரிந்து, கோடு இரைச்சல் தரைக்குப் போய்விடும். பைபிரிடினை உருவ ஏறத்தாழ 0.8 நானோநியூட்டன் போதும், தங்கத்தை அறுப்பதற்குத் தேவையானதில் பாதிதான்.

எல்லா இழுவையிலும் படி வராது. பல இழுவைகளில் வெறும் டனலிங் மட்டுமே இருக்கும். அதை எதிர்பார்த்துத்தான் 3,000 முதல் 10,000 இழுவைகள் எடுக்கிறோம். ஒரு சுற்றுக்கு ஒரு விநாடி என்றால் 5,000 இழுவைகள் ஒன்றரை மணிநேரத்தில் முடியும். சில நூறு இழுவைகளுக்கு ஒருமுறை முனையைப் பக்கவாட்டில் சில பத்து நானோமீட்டர் நகர்த்துங்கள்.

தரவைக் கையாளுவது

கடத்துதிறனைப் பத்தடி மடக்கையில் எடுத்து, ஒவ்வொரு பத்துமடங்கையும் 100 கட்டங்களாகப் பிரித்து, எல்லா இழுவைகளின் எல்லாப் புள்ளிகளையும் கொட்டி ஒரு ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பு எத்தனை முறை வந்தது என்ற வரைபடம்) போடுங்கள். இழுவை எண்ணிக்கையால் வகுத்துவிட்டால் ஒரு நாள் அளவை இன்னொரு நாளோடு ஒப்பிடலாம். உச்சத்துக்கு ஒரு காஸியன் வளைவு பொருத்தி அதன் நடுமதிப்பை எடுங்கள்.

படி தெரியும் இழுவைகளை மட்டும் பொறுக்கிச் சேர்க்காதீர்கள். கண்ணால் பொறுக்கினால் வெறும் இரைச்சலிலிருந்தும் விரும்பிய இடத்தில் உச்சம் கொண்டுவரலாம். வகைப்படுத்த வேண்டுமென்றால் விதியை முன்கூட்டியே எழுதிவைத்து, அதே விதியை வெறும் கரைப்பானின் தரவிலும் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் உச்சம் முளைத்தால் விதிதான் அதை உண்டாக்குகிறது.

அடுத்து இருபரிமாண ஹிஸ்டோகிராம். ஒவ்வொரு இழுவையும் 0.5 ஜி₀-வைக் கடக்கும் இடத்தைத் தூரத்தின் பூச்சியமாக வைத்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். படி எவ்வளவு தூரம் நீள்கிறது என்று இதில் தெரியும். படி முடியும் தூரத்தோடு தங்கம் பின்வாங்கிய அரை நானோமீட்டர்ச் சொச்சத்தைக் கூட்டினால் மூலக்கூற்றின் நீளத்துக்கு அருகில் வர வேண்டும். கூட்டல் மூலக்கூற்றைவிட மிக நீண்டு போனால் ஒன்றுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் அடுக்காகி இணைந்திருக்கலாம். செறிவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

ஏமாற்றும் உச்சங்கள்

ஒரு கணக்கைப் பாருங்கள். மின்வழங்கலின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுழற்சி 20 மில்லிவிநாடி. விநாடிக்கு 20 நானோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் முனை நகரும் தூரம் 0.4 நானோமீட்டர். மூலக்கூற்றுப் படியின் நீளமும் கிட்டத்தட்ட அதுவே! நிலத்தொடர்பு சரியில்லாத கம்பியில் ஏறும் இரைச்சல், அச்சு அசலாக மூலக்கூறு போலத் தோற்றமளிக்கும். இழுக்கும் வேகத்தை இரட்டிப்பாக்குங்கள். உண்மையான படி அதே நீளத்தில் இருக்கும், இரைச்சலின் படி இரட்டிப்பாக நீளும்.

மின்னழுத்தத்தையும் இதே போலப் பயன்படுத்தலாம். பிரீஆம்பில் 5 பிகோஆம்பியர் பிறழ்வு இருந்தால், 100 மில்லிவோல்ட்டில் அது 6.5×10⁻⁷ ஜி₀ உச்சமாகத் தெரியும், 200 மில்லிவோல்ட்டில் பாதியாக நகரும். மூலக்கூற்றின் உச்சம் இந்தச் சிறிய மின்னழுத்தங்களில் இடம் மாறாது.

உச்சமே வரவில்லையென்றால், முதலில் கரைசல் கெட்டதா என்று புதிதாகத் தயாரித்துப் பாருங்கள். அடுத்து, எதிர்பார்க்கும் மதிப்பு தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறதா என்று கணக்கிடுங்கள். செறிவு அளவுக்கு மீறினாலும் தொல்லைதான்: தங்கம் முழுக்க மூலக்கூறு படர்ந்துவிட, இரு முனைகளிலும் ஒவ்வொன்று ஒற்றைக்காலில் நிற்கும், பாலம் உண்டாகாது. வெறும் கரைப்பானிலேயே உச்சம் வந்தால் கரைப்பானை மட்டும் குறை சொல்லாமல் சொட்டிடும் குழாய், தாங்கி, முனை என ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். முந்தைய மூலக்கூறு தாங்கியின் பிளாஸ்டிக்கில் ஊறி, நாள் கடந்து வெளிவருவதுண்டு. தயோலுக்கும் அமீனுக்கும் தனித்தனித் தாங்கி வைத்துக்கொள்வது பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

மூலக்கூறுதான் என்று காட்டுவது

ஒரே மூலக்கூற்றின் உச்சம் சான்றாகாது. ஒரு குடும்பத்தை எடுத்து, ஒரே ஒரு விஷயம் மட்டும் மாறும்படி அளக்க வேண்டும். ஆல்கேன் டைஅமீன்களில் ஒரு மெத்திலீன் கூடும்போது கடத்துதிறன் ஏறத்தாழ 2.5-இல் ஒரு பங்காகக் குறையும். பியூட்டேனிலிருந்து ஹெக்சேனுக்குப் போனால் ஆறில் ஒரு பங்கு, ஆக்டேனுக்குப் போனால் ஏறக்குறைய 37-இல் ஒரு பங்கு. இந்த மூன்று புள்ளிகளும் மடக்கைத் தாளில் ஒரே நேர்க்கோட்டில் விழுந்தால், எந்த அழுக்கும் அதைப் போலச் செய்திருக்க முடியாது.

பைஃபினைல் டைஅமீன்களில் இன்னும் அழகான சோதனை இருக்கிறது. இரு பென்சீன் வளையங்களுக்கு இடையிலான முறுக்குக் கோணத்தைப் பக்கத் தொகுதிகளால் மாற்றினால், கடத்துதிறன் அந்தக் கோணத்தின் கோசைன் இருமடிக்கு ஏற்பக் குறையும். 2006-இல் காட்டப்பட்ட இந்த உறவு, மின்னோட்டம் உண்மையிலேயே தண்டின் பை எலெக்ட்ரான்கள் வழியாகப் போகிறது என்பதற்கு நேரடிச் சான்று. நங்கூரங்களைப் பென்சீன் வளையத்தின் பாரா இடத்திலிருந்து (நேர் எதிரெதிர்) மெட்டாவுக்கு (ஓர் அணு இடைவிட்டு) மாற்றிப் பார்ப்பது இன்னொன்று. மெட்டாவில் இரண்டு நெருங்கிய நங்கூரங்கள் இருந்தும், குவாண்டம் குறுக்கீட்டால் கடத்துதிறன் வீழும். ஓமின் விதியில் பழகிய மனம் இதை ஏற்கச் சற்று நேரமெடுக்கும்.

சந்தியிலிருந்து சாதனத்துக்கு

இதுவரை செய்தது ஒரு மூலக்கூறு மின்தடை. டையோடோ சுவிட்சோ வேண்டுமென்றால் சந்தியை நிறுத்திவைத்து மின்னழுத்தத்தை மாற்ற வேண்டும். படி தொடங்கியதும் பீசோவை 150 மில்லிவிநாடி நிறுத்தி, முதலில் 100 மில்லிவோல்ட்டில் அளந்து, பிறகு மின்னழுத்தத்தை ஏற்றியிறக்கி, இறுதியில் மறுபடி 100 மில்லிவோல்ட்டில் அளங்கள். தொடக்க, இறுதி மதிப்புகள் பொருந்தாத இழுவைகளை விட்டுவிடுங்கள், நடுவில் சந்தி அறுந்திருக்கும். இந்த விதியையும் அளக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் பெரும்பாலான தங்கச் சந்திகள் அறை வெப்பநிலையில் தாக்குப்பிடிக்காது.

நீண்ட நேரம் நிறுத்த, இயந்திரவழி முறிவுச் சந்தியே மேல். 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாஸ்பர் வெண்கலத் தகடு, அதன்மேல் சுமார் 3 மைக்ரோமீட்டர் பாலிஇமைட், அதன்மேல் எலெக்ட்ரான் கற்றையால் வரைந்த, 100 நானோமீட்டர் அகலமும் 80 நானோமீட்டர் தடிமனும் உள்ள தங்கப் பாலம். பாலத்தின் அடியிலுள்ள பாலிஇமைடை ஆக்சிஜன் பிளாஸ்மாவால் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் குடைந்தெடுத்தால் பாலம் அந்தரத்தில் நிற்கும். தகட்டை மூன்று புள்ளிகளில் தாங்கி வளைக்கும்போது பாலம் நீண்டு அறும். தாங்குபுள்ளிகளின் இடைவெளி 20 மில்லிமீட்டர், தொங்கும் பாலத்தின் நீளம் 2 மைக்ரோமீட்டர் என்றால், எளிய கணக்கின்படி தள்ளுகோல் ஒரு மைக்ரோமீட்டர் நகர்ந்தால் இடைவெளி ஒரு நானோமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் மாறும். நடைமுறையில் இதைப்போல் சில மடங்கு வரும், எனவே டனலிங்கைக் கொண்டு அளவிட்டுக்கொள்ளுங்கள். தங்கத்துக்கு அடியில் குரோமியம் பூசினால் அது பாலத்தில் கலந்து கடத்துதிறனைக் கெடுக்கும். டைட்டானியத்தை ஒரு நானோமீட்டர் அளவுக்கு மட்டும் இடுங்கள்.

டையோடுக்கு முனைகளில் சமச்சீரின்மை வேண்டும். அதை மூலக்கூற்றில் கொண்டுவருவது கடினமான பாதை. 2015-இல் வந்த வழி வேறு: மூலக்கூறு சமச்சீராகவே இருக்கட்டும், கரைப்பானை அயனிகள் உள்ள புரொப்பிலீன் கார்பனேட்டாக மாற்றி, ஒரு முனையை மெழுகால் மூடிச் சிறிதாக்கு. சிறிய முனையைச் சுற்றி அயனிகள் நெருக்கமாகக் குவிவதால் மூலக்கூற்றின் ஆற்றல் மட்டம் அந்த முனையோடு சேர்ந்தே நகரும். 370 மில்லிவோல்ட்டிலேயே இரு திசைகளுக்கும் 200 மடங்குக்கு மேல் வித்தியாசம் கிடைத்தது. மூலக்கூற்றைத் தொடாமல் சூழலை மாற்றிச் சாதித்தது இது என்பதால், தொடங்குபவர்களுக்கும் எட்டக்கூடியது.

ஒளியால் இயங்கும் சுவிட்சுக்குத் தங்கம் ஒத்துவராது. ஒளி பட்டுக் கிளர்ந்த மூலக்கூறு, வடிவம் மாறுமுன் ஆற்றலை உலோகத்திடம் இழந்துவிடும். ஒளியால் வடிவம் மாறும் டைஅரைல்எத்தீன் என்ற மூலக்கூறு தங்கத்தில் ஒரு திசையில் மட்டும் மாறியது இதனால்தான். 2016-இல் கிராஃபீன் முனைகளுக்கு நடுவில், இரு பக்கமும் மூன்று மெத்திலீன் இடைவெளி விட்டு, சகப்பிணைப்பால் இணைத்தபோது அது இரு திசையிலும் மீளத்தக்கதாக மாறியது. ஓராண்டுக்கு மேலாக அந்தச் சாதனங்கள் நிலைத்தன.

டிரான்சிஸ்டர் இவற்றில் மிகக் கடினம், ஏனெனில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மூன்றாவது முனை ஒரு நானோமீட்டர் மூலக்கூற்றை உணரும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த முனையாக அலுமினியம், அதன்மேல் சில நானோமீட்டர் ஆக்சைடு, அதன்மேல் 15 நானோமீட்டர் தடிமனுள்ள தங்க இழை என்பது பழகிய அமைப்பு. மூலக்கூறு படிந்த இழையில் மின்னோட்டத்தை ஏற்றினால் எலெக்ட்ரான்களின் தள்ளலில் தங்க அணுக்கள் இடம்பெயர்ந்து இழை அறும். மின்னழுத்தத்தை ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். மின்தடை சில விழுக்காடு கூடியதும் மின்னழுத்தத்தைத் தானாகக் குறைக்கும் பின்னூட்டம் வையுங்கள். சில கிலோ ஓம் வந்ததும் நிறுத்திவிட்டால், அறை வெப்பநிலையில் தங்கம் தானே நகர்ந்து அறுந்துகொள்ளும்.

ஏன் இத்தனை நிதானம்? வேகமாக அறுத்தால் இடைவெளியில் தங்கத் துகள்கள் சிதறும். ஒரு நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகளும் எலெக்ட்ரானை ஒவ்வொன்றாகத்தான் உள்ளே விடும். குளிர்நிலையில், சந்தியின் மின்னழுத்தத்தையும் மூன்றாவது முனையின் மின்னழுத்தத்தையும் மாற்றி எடுக்கும் கடத்துதிறன் படத்தில், மின்னோட்டம் தடைபடும் வைர வடிவங்கள் மூலக்கூற்றுக்கு வருவது போலவே வரும். ஆகவே வைர வடிவம் மட்டும் போதாது. மூலக்கூற்றுக்கே உரிய ஏதாவது ஒன்று வேண்டும். 2000-இல் சி60 டிரான்சிஸ்டரில் 5 மில்லி எலெக்ட்ரான்வோல்ட் அதிர்வுக் கோடுகள் அந்தப் பங்கை ஆற்றின. 2002-இல் கோபால்ட் அணு தாங்கிய மூலக்கூற்றில் கோண்டோ விளைவு (அணுவின் காந்தத்தன்மை முனைகளின் எலெக்ட்ரான்களோடு பிணைவது) அதைச் செய்தது. அதோடு, மூலக்கூறு இடாத இழைகளை, மூலக்கூறு இட்டவற்றின் அதே எண்ணிக்கையில், அதே சில்லில், அதே நாளில் அறுத்து அளந்து, இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். வெறும் இழைகளில் எத்தனை சந்திகள் வைர வடிவம் தந்தன என்ற எண்ணை முடிவுகளின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.